மாமனார் காப்பாற்றிய ஊர்

பால் பொங்கி வழிந்தால் மற்ற வீடுகளில் யாராவது ஓடிவந்து துணியால் பிடித்து இறக்கி வைப்பார்கள். எங்கள் வீட்டில் என் மாமனார் வாசலுக்கு ஓடுவார். "தண்ணி கொண்டாங்க, தண்ணி கொண்டாங்க, வூடு பத்திக்கிச்சி!" என்று அவர் தெருவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கும்போது, உள்ளே என் மாமியார் பாலை இறக்கி, அடுப்பைத் துடைத்து, அடுத்த வேலைக்குப் போயிருப்பார். தெருக்காரர்கள் குடத்தோடு வந்து நிற்பார்கள். மாமனார் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணும் பயமில்ல, போங்க. நான் இருந்தங்காட்டி தப்பிச்சாச்சி" என்பார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஜனங்கள் குடத்தோடு வந்தார்கள். பிறகு குடமில்லாமல் வந்தார்கள். அப்புறம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

அவர் பெயரை நான் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது. எழுதலாமா என்று தெரியாததால் எழுதாமலே விடுகிறேன்.

அரூருக்கும் கம்பைநல்லூருக்கும் நடுவில் இருந்தது எங்கள் ஊர். கொஞ்சம் நஞ்சை, மற்றதெல்லாம் கேழ்வரகும் கடலையும் விளைகிற மானாவாரி நிலம். அதைத்தான் நாங்கள் கொல்லை என்போம். ஊரில் எங்களைவிட வசதியானவர்கள் இருந்தார்கள். ஆனால் சேலம் கோர்ட்டுக்குப் போய்ச் சாட்சி சொன்னவர் அவர் ஒருவர்தான். ஏதோ மாடு திருட்டு வழக்கு. இவர் கூண்டில் ஏறி, மாட்டின் நிறத்தைச் சொல்வதற்கு முன் தன் பாட்டனாரிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். நீதிபதி, "நீங்கள் போகலாம்" என்றாராம். அதை அவர் எங்களுக்கு எத்தனை தரம் சொன்னாரோ தெரியாது. "அவ்வளவு பெரிய தொர, என்னப் பாத்து, 'நீங்க'ன்னாருடா. 'நீங்க போலாம்'ன்னாரு." மாடு யாருடையது என்று தீர்ப்பானது என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

தாசில்தார் ஒரு தடவை எங்கள் வழியாகப் போகிறார் என்று செய்தி வந்தது. எங்கள் வழியாக என்றால் மண்ரோட்டின் வழியாக. அந்த ரோடு எங்கள் வாசலை ஒட்டிப் போகிறது என்பதுதான் மாமனாருக்குப் போதுமானதாக இருந்தது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். தர்மபுரியிலிருந்து வண்டியில் ஒரு நாற்காலி வந்து இறங்கியது. ஊரில் அதுதான் முதல் நாற்காலி. கோழி அடித்துக் குழம்பு வைத்து, நெல்லுச்சோறு ஆக்கினோம். தாசில்தார் சாப்பிடுவதற்கு முன் யாரும் கை நனைக்கக்கூடாது என்பது உத்தரவு. வெயில் சாயும் நேரத்தில் ஒரு கார் வந்தது. மாமனார் இரண்டு கையையும் கூப்பி நடு ரோட்டுக்குப் போனார். கார் ஒதுங்கி, புழுதியை எங்கள் குழம்பு வரைக்கும் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனது.

எங்களுக்குப் பசியில் கண் இருட்டியது. மாமனார் முகத்தில் மட்டும் வெளிச்சம். "பாத்தீங்களா? நம்ம வூட்டண்ட வந்ததும் வண்டிய மெதுவா வுட்டாரு" என்றார்.

"நீங்க குறுக்க போயி நின்னீங்க. ஏத்திட்டுப் போவ முடியாதில்ல" என்றார் என் மாமியார். அவர் அவ்வளவுதான் பேசுவார். பேசிவிட்டு உள்ளே போய்விடுவார்.

அந்த நாற்காலியில் அதன் பிறகு மாமனாரே உட்கார்ந்தார். வேறு யாருக்கும் அது கிடையாது.

அவருக்கு உடம்புக்கு வந்தால் அது ஒரு தனித் திருவிழா. ஒரு நாள் மொச்சைக்கொட்டைக் குழம்பை அளவுக்கு மேல் சாப்பிட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். உடனே வடக்கே தலை வைத்துப் படுத்துக்கொண்டு, யார் யாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று தானே சொல்ல ஆரம்பித்துவிட்டார். என் வீட்டுக்காரர் ஒரு பக்கம் ஓடினார். பங்காளிகள் ஒரு பக்கம் ஓடினார்கள். மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. தன் அக்காளைக் கூப்பிட்டு, ஒப்பாரியில் கோர்ட்டு விஷயம் வரவேண்டும் என்று சொன்னார். அந்தம்மாளும் நல்ல மனசோடு, "தொர முன்னால நின்னவனே" என்று ஒரு வரி கட்டிப் பாடிக் காட்டினாள். "'தொர எழுந்து நின்னாரு'ன்னு சேத்துக்க" என்றார் மாமனார், கண்ணை மூடியபடியே.

சாவு மேளக்காரர்கள் தெருமுனையில் வந்து நின்று மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் அவருக்கு ஏப்பம் வந்தது. அப்படி ஓர் ஏப்பத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. எழுந்து உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்தார். "எமனையே திருப்பி அனுப்பிட்டன்" என்றார். வந்தவர்களுக்கும் மேளக்காரர்களுக்கும் சேர்த்து நாங்கள் அன்று களி கிண்டினோம். என் மாமியார் துடுப்பைப் போட்டுக் கிளறிக்கொண்டே, "நெசமா சாவறவங்க இவ்வளவு வேல வெக்க மாட்டாங்க" என்றார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயங்கள். நாங்களும் சிரித்தோம். அவர் எதிரில் சிரிக்க முடியாது. மாட்டுக்கொட்டகைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வருவோம், நானும் என் நாத்தனார் மாதம்மாவும்.

மாதம்மா அவருடைய ஒரே பெண். அவளுக்கு வயது ஏறிக்கொண்டே போயிற்று. வந்த இடங்களையெல்லாம் மாமனார் திருப்பியனுப்பினார். ஒருவன் அவர் முன்னால் கால் மேல் கால் போட்டான். இன்னொருவனுடைய அப்பா கோர்ட்டுக் கதையின் நடுவில் வெற்றிலை கேட்டுவிட்டார். கடைசியில் கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இடம் வந்தது. பையனின் அப்பா கதையை முழுக்கக் கேட்டு, கேட்க வேண்டிய இடத்தில் "அப்புறம்?" என்றும் கேட்டார். சம்பந்தம் முடிவாயிற்று. மாதம்மா அந்தப் பையனைத் தீர்த்தமலைத் தேர்த் திருவிழாவில் ஒரு தடவை தூரத்திலிருந்து பார்த்திருந்தாள். "கறுப்புத்தான் அண்ணி. ஆனா சிரிச்ச மூஞ்சி" என்று என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லிவிட்டு அன்று முழுவதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அது யுத்தம் நடந்த வருஷங்கள். அரிசி கிடைப்பது பெரும்பாடு. கல்யாணத்துக்கென்று வருஷம் முழுவதும் வாயைக் கட்டிச் சேர்த்த நெல்லைக் குதிரில் போட்டு வைத்திருந்தோம். குதிருக்கு எலி வர ஆரம்பித்தது. மாமனார் தானே சந்தைக்குப் போய் எலிப் பாஷாணம் வாங்கிவந்தார். எங்களையெல்லாம் கூடத்தில் நிற்கவைத்து, யாரும் கிட்டே வரக்கூடாது என்று சொல்லி, களியில் பாஷாணத்தைப் பிசைந்து, கருவாட்டைப் பொடித்து மேலே தூவி, உருண்டை உருட்டித் தன் கையாலேயே குதிரைச் சுற்றி வைத்தார். "ஒரு சுள்ளாணி வெஷயம்னாலும் நானே பாக்க வேண்டியிருக்குது" என்றார்.

அந்தச் சமயத்தில் மைசூர்ச் சீமைப் பக்கம் பிளேக் என்று பேச்சு வந்தது. ஓசூர்ப் பக்கம் போய்வந்த வண்டிக்காரன் ஒருவன் அதைச் சாவடியில் உட்கார்ந்து சொன்னான். ஊரே அவனைச் சுற்றி நின்று கேட்டது. மாமனார் தானும் ஏதோ சொல்லப் பார்த்தார். "சும்மா இருங்க, அவன் சொல்லட்டும்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் பக்கத்தில் பிளேக் என்றால் முதல் அடையாளம் எலி. வீட்டில் எலி தானாகச் செத்து விழுந்தால் ஊரையே காலி செய்துவிடுவார்கள். கூரையையும் ஓடுகளையும் பிரித்து வெயில் உள்ளே விழும்படி விட்டுவிட்டு, கொல்லையில் சோளத்தட்டால் குடிசை போட்டு, இனி யாருக்கும் அக்குளில் நெறி கட்டாது என்று நம்பிக்கை வரும்வரை அங்கேயே கிடப்பார்கள். எலி விழுந்த வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். நோய் அந்த வீட்டு ரத்தத்தில் தங்கியிருக்கும் என்று ஒரு பயம்.

மறுநாள் காலையில் மாதம்மா வீடு பெருக்கும்போது குதிருக்குப் பின்னால் ஒரு செத்த எலி கிடந்தது. அவள் வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மாமனார் பார்த்துவிட்டார்.

"போடு! போடுடி அத!"

அவள் பயந்து போட்டுவிட்டாள். அதற்குள் அவர் வாசலைத் தாண்டிவிட்டார். "எலி வுழுந்துடுச்சி! எங்க வூட்டுல எலி வுழுந்துடுச்சி! மொத மொதல்ல எங்க வூட்டுலதான் வுழுந்துடுச்சி!"

மாமியார் பின்னாலேயே ஓடினார். "ஏங்க, அது நீங்க வெச்ச மருந்துங்க. முந்தாநாளு நீங்கதான பெசஞ்சி வெச்சீங்க? எங்களக் கிட்டக்கூட வுடலயே?"

அவர் திரும்பினார். நான் வாசற்படிக்கு உள்ளே நின்றிருந்ததால் அவர் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது. அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. வாய் திறந்தபடியே நின்றார். அந்த நிமிஷத்தில் தெரு காலியாக இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் தெரு நிறைந்துவிட்டது. பால் பொங்கியதற்கு வராதவர்கள், பாம்பு என்று அவர் கத்தியபோது வராதவர்கள், அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். எதிர்வீட்டுப் பெண் இடுப்பில் குழந்தையோடு அவர் முன்னால் வந்து, "மாமா, நாங்க இப்ப இன்னா பண்றதுங்க?" என்று கேட்டாள்.

அவரிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"பொம்பள பேச்சக் கேட்டா ஊரே செத்துப்பூடும்" என்று மாமியாரைப் பார்த்துச் சொன்னார். பிறகு தெருவைப் பார்த்து, "கெளம்புங்க! அல்லாரும் கொல்லைக்குக் கெளம்புங்க!" என்றார். என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ போயி மொதல்ல நாற்காலிய வண்டியில ஏத்து" என்றார் மாமனார். அவர் போய் ஏற்றினார்.

பொழுது சாய்வதற்குள் ஊர் காலியாகிவிட்டது. கொல்லை நடுவிலிருந்த புளியமரத்தடியில் நாற்காலி போடப்பட்டது. அதிலிருந்து உத்தரவுகள் வந்தன. கோழிகள் எலியைக் கொத்தும், அதனால் கோழிகளை அடித்துவிட வேண்டும் என்றார். பாதிக் கோழிகள் போன பிறகு, கோழி இருந்தால்தான் எலி வராது என்றார். வேப்பிலைப் புகை போட்டதில் கைக்குழந்தைகள் இருமின. இருமுகிற குழந்தைகளைத் தனியாக வை என்றார். எல்லா ஆண்களையும் வரிசையாக நிற்கவைத்துக் கையைத் தூக்கச் சொல்லி அக்குளைத் தடவிப் பார்த்தார். ஒரு கிழவருக்கு அங்கே வேனல்கட்டி இருந்தது. "இதோ!" என்று கத்தினார். கிழவரைத் தூரத்துப் பனைமரத்தடியில் தனியாகப் போட்டு, ஒரு நீளக் கழியின் நுனியில் சட்டியைக் கட்டிச் சோறு கொடுத்தார்கள். கட்டி பழுத்து உடைந்து ஆறிவிட்டது. அதற்குப் பிறகும் கிழவரைக் கூட்டி வர யாருக்கும் துணிவில்லை. "என்னா பாவம்டா பண்ணன், ஒரு கொப்புளத்துக்கு?" என்று அங்கிருந்து அவர் கத்துவது காற்று இந்தப் பக்கம் அடித்தால் கேட்கும்.

தர்மபுரியிலிருந்து ஊசி போடுகிறவர் வந்தார். ஊர் முழுவதையும் சுற்றிப் பார்த்துவிட்டு, நோய் இருப்பதாகத் தெரியவில்லை, எதற்கும் போட்டு வைக்கிறேன் என்று எல்லோருக்கும் போட்டார். மாமனார் வரிசையை ஒழுங்கு செய்துகொண்டே இருந்தார். "ஜனங்க மொதல்ல. நான் கடைசி" என்றார். எல்லோரும் கும்பிட்டார்கள். அவர் முறை வருவதற்குள் மருந்து தீர்ந்துவிட்டது. தீர்ந்துவிட்டதா என்று அவர் முன்பே இரண்டு தடவை எட்டிப் பார்த்ததை நான் கவனித்தேன். ஊசி போட்டுக்கொண்ட எங்களுக்கெல்லாம் கை வீங்கிக் காய்ச்சல் வந்தது. அவருக்கு வரவில்லை. காய்ச்சலில் சுருண்டு கிடந்தவர்கள் நடுவில் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து, "பாத்தீங்களா, நான் சொன்னனா இல்லயா?" என்று கேட்டார்.

மழையும் பிடித்தது. சோளத்தட்டு ஒழுகியது. அப்படியிருக்கும்போதுதான் சம்பந்தி வந்தார்.

குடிசைகளுக்குக் கிட்டே வரவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார். மாமனார் நாற்காலியில் இருந்தபடியே கைகூப்பினார். ஊர் ஆண்களெல்லாம் புளியமரத்தடியில் கூடிவிட்டார்கள். நானும் மாதம்மாவும் எங்கள் குடிசைத் தட்டிக்குப் பின்னால் நின்றோம்.

"சம்மந்தி, ஊருல பலவிதமாப் பேசறாங்க" என்றார் அவர். "பிளேக்குங்கறாங்க. உங்க வூட்டுலயே பாஷாணம் வெச்சிருந்தாங்க, அதத் தின்ன எலின்னும் சொல்றாங்க. ஊசி போட வந்தவரும் ஒண்ணுமில்லன்னு சொன்னாராமே. நீங்க ஒரு வார்த்த சொல்லிப்புடுங்க. பாஷாணந்தான், அவசரத்துல கத்திப்புட்டன்னு இத்தன பேரு நடுவுல சொல்லிப்புடுங்க. நான் எங்க சனங்களுக்குச் சொல்லிக்கறன். வெச்ச முகூர்த்தத்துலயே முடிச்சிரலாம். எம் பையனும் இந்தப் புள்ளதான்னு நிக்கறான்."

மாதம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் அழுந்தியது.

மாமனார் புளியமரத்தடியில் நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். கூரையைப் பிரித்துப் போட்டவர்கள், கோழியை அடித்துத் தின்றவர்கள், காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நானு? அவசரத்துல?"

"கோவிச்சிக்காதீங்க. ஒரு பேச்சுக்கு..."

"சேலம் கோர்ட்டுல தொர முன்னால நின்னவன் நானு. பாஷாணம் தின்ன எலி எது, பிளேக் எலி எதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? பிளேக்குதான். இந்தக் கண்ணால பாத்தன். எங்க வூட்டுலதான் வுழுந்துச்சி."

சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டு வரப்பின் பக்கம் ஓர் அடி வைத்தார். அவர் திரும்பப் போகிறார் என்பது தெரிந்தது. மாதம்மா என் கையை விட்டுவிட்டுத் தட்டியை விலக்கி வெளியே போனாள். அத்தனை ஆண்கள் இருக்கிற இடத்துக்கு அவள் அதுவரை போனதில்லை.

"பாஷாணந்தானுங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது, ஆனால் வாய்க்காலுக்கு அப்பால் கேட்டது. "எங்கப்பாதான் பெசஞ்சி வெச்சாரு. நாங்க அல்லாரும் பாத்தம். எலி வாயில நொரை தள்ளியிருந்துச்சிங்க. அவருக்கும் தெரியும்."

சம்பந்தி அவளைத் திரும்பிப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. "கண்ணு, நீ சொல்றதுதான் நெசமா இருக்கும்" என்றார். "ஆனா இத்தன பேரு நடுவுல பெத்த அப்பனப் பொய்யன்னு சொல்ற புள்ள, நாளைக்கி எங்க வூட்டுல..." என்று இழுத்து, முடிக்காமல் விட்டுவிட்டார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பின் மேல் நடந்து போனார்.

என் மாமியார் குடிசைக்குள்ளிருந்து வந்து பெண்ணின் தோளைப் பிடித்தார். மாமனாரைப் பார்த்து, "இப்ப மனசு நெறஞ்சிதுங்களா?" என்று கேட்டார்.

மாமனார் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. "பாத்துக்கிட்டீங்களா? பொய் சொல்லியிருந்தா எம் பொண்ணு கல்யாணம் நடந்திருக்கும். ஊருக்காக வுட்டுட்டன்" என்றார். ஒரு பெரியவர் முன்னால் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னும் சிலர் மூக்கைச் சிந்தினார்கள். மாதம்மா சொன்னதை அவர்கள் எல்லோரும் கேட்டவர்கள்தான்.

ஊரில் ஒருவரும் சாகவில்லை. அதனால் அவர் காப்பாற்றினார் என்று ஆயிற்று. கூரையை மறுபடி போட்டு வீடு திரும்பிய பிறகு வந்த மாரியம்மன் பண்டிகையில் அவருக்கு முதல் மரியாதை செய்தார்கள். கழுத்தில் மாலையோடு தெருவெல்லாம் நடந்து வந்தார். கல்யாண நெல்லை அந்தப் பண்டிகைக்குக் குத்தி ஊருக்குப் பொங்கல் வைத்தோம். மாதம்மாதான் உலக்கை போட்டாள்.

அதன் பிறகு அவளுக்கு வந்த இடங்கள், எலியைப் பற்றிக் கேள்விப்பட்டோ அவள் வாயைப் பற்றிக் கேள்விப்பட்டோ திரும்பிப் போயின. கொஞ்ச வருஷத்தில் வருவதும் நின்றுவிட்டது. அவள் அந்த வீட்டிலேயே இருந்தாள்.

சம்பந்தி திரும்பிப்போன அந்த மத்தியானம் மாமனாருக்குச் சோறு போட்டவள் அவள்தான். அவர் பேசிக்கொண்டே சாப்பிட்டார். அவள் பேசவில்லை. அதற்கு மறுநாளும் பேசவில்லை. அவர் கூப்பிட்டால் வந்து நின்றாள், கேட்டதைக் கொண்டுவந்து வைத்தாள், அவருக்கு வெந்நீர் வைத்தாள், கடைசிக் காலத்தில் கால் அமுக்கிவிட்டாள். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்தால் அவர் பிளேக் கதையை எடுப்பார். "எம் பொண்ணக் கேட்டுப் பாருங்க, கூடவே இருந்தவ அவதான்" என்று அவளைக் காட்டுவார். விருந்தாளி அவள் பக்கம் திரும்புவதற்குள் அவரே மேலே சொல்லிக்கொண்டு போய்விடுவார். அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றிருப்பாள். இப்படிப் பல வருஷம் போயிற்று. தன் மகள் தன்னோடு பேசுவதில்லை என்பது அவருக்குச் சாகும்வரை தெரியாது.